நேத்து வரேன்

1

இந்தியாவும் பாகிஸ்தானும் மறுபடியும் பேசப் போகிறார்களாம். மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை கடை டிவியில் சொன்னார்கள்.

நான் சார்ஜாவில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவன். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல், மூலையில் டிவி. முதலாளி மலையாளி. ஆனால் வருகிறவர்களுக்காக இந்தி சேனல்தான் வைப்பார். சத்தத்தைக் குறைக்க விடமாட்டார். அன்றைக்கு நான் ஒரு கந்தூராவுக்குக் கழுத்துப் பட்டி மடித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஆண்கள் போடும் நீள வெள்ளை அங்கிக்கு அதுதான் பெயர். "பாத்சீத்" என்று காதில் விழுந்தது. பேச்சுவார்த்தை. கூடவே "கல்" என்று விழுந்தது.

ஐந்தாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் படித்ததோடு என் படிப்பு முடிந்தது. இந்தி இங்கே வந்து காதால் பொறுக்கியது. நமக்குக் கல் என்றால் கல். அவர்களுக்குக் கல் என்றால் நேற்று. நாளைக்கும் அதே கல்தான். வந்த புதிதில், நேற்றுக் கொடுத்த கோட்டைக் கேட்டு வந்தவரிடம், "நாளைக்குக் கொண்டு வந்து கொடுங்கள், போட்டுத் தருகிறேன்" என்று சொல்லித் திட்டு வாங்கியவன் நான். அன்றிலிருந்து அந்தச் சொல் வந்தால் பயம்.

டிவியில் ஓடிய எழுத்தைப் போனில் படம் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மகள் அஃப்ரின் இங்கேதான் பத்தாவது படிக்கிறாள். இந்தி எழுத்து படிப்பாள், தமிழ் எழுத்து தெரியாது. நான் எழுதுவதை அவள் என்றைக்கும் படிக்கப் போவதில்லை. முன்பு அதற்காக வருத்தப்பட்டேன், இப்போது அது ஒரு வசதியாகக்கூட இருக்கிறது.

"இது நேத்தா, நாளைக்கா?" என்று கேட்டேன்.

"வெர்பைப் பாத்தாத்தான் தெரியும் அத்தா. நடந்துச்சுன்னு வந்தா நேத்து. நடக்கும்னு வந்தா நாளைக்கு."

"பாத்துச் சொல்லு."

"வெர்பே போடலை. 'கல் பேச்சுவார்த்தை'ன்னு போட்டுட்டு ஒரு கேள்விக்குறி வெச்சிருக்காங்க."

வினைச்சொல் இல்லாத செய்தி. நாற்பது வருடமாக எங்கள் குடும்பம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

2

மந்தைவெளியிலும் மாம்பலத்திலும் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களே, சமாதானம் வந்தால் நல்லது என்று நான் எழுதப்போவதாக நினைத்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சண்டையை எனக்குப் பிடிக்காது. பேச்சுவார்த்தையை அதைவிடப் பிடிக்காது.

என் அக்கா மைமூன் கராச்சியில் இருக்கிறாள். சண்டை என்று டிவியில் வந்தால் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுகிறாள். யாருக்கும் தொல்லை இல்லை. பேச்சு என்று வந்தால்தான் ஆபத்து. உடனே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைக்கிறாள். யார் யாருக்கு என்ன வாங்கவேண்டும் என்று என்னிடம் கேட்கிறாள். பிறகு ஏதோ ஒரு ஊரில் துப்பாக்கி வெடிக்கிறது, விசா எல்லாம் ரத்து என்கிறார்கள், பெட்டி பரணுக்குப் போகிறது. இறக்கி இறக்கி ஏற்றியதில் அந்தப் பெட்டியின் கைப்பிடி இரண்டு முறை அறுந்துவிட்டது. எங்கேயும் போகாத பெட்டிக்கு இரண்டு முறை கைப்பிடி மாற்றியவள் என் அக்கா.

அவள் அங்கே போனது இப்படி. எங்கள் அம்மாவுக்கு ஒரே அண்ணன். தோல் மண்டி வேலைக்காகச் சின்ன வயதில் கராச்சிக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். அவருடைய மகன் ஜமால் மச்சானுக்கு அக்காவைக் கொடுத்தார்கள். அப்போது அவளுக்கு இருபது வயது, எனக்குப் பன்னிரண்டு. மயிலாப்பூரில் கால்வாய்க் கரை ஓரம் எங்கள் வீடு. வாசலில் பந்தல் போட்டு நிக்காஹ் நடந்தது. "ரயில்ல போனா மூணு நாள்தான், வருஷா வருஷம் வந்துட்டுப் போவா" என்று மாமா சொன்னார்.

இரண்டு முறை வந்தாள். இரண்டாவது முறை வந்தபோது, வந்த மறுநாளே போலீஸ் அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். நான்தான் கூட்டிப்போனேன். பிறந்து வளர்ந்த ஊரில், வெயிலில் வரிசையில் நின்று, "எதற்காக இந்த ஊருக்கு வந்தீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் எழுதினாள். எங்கள் அத்தா மவுத்தாகி அடக்கம் செய்தபோது அவளால் வர முடியவில்லை. அப்போதும் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது அவளுக்கு அறுபது. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்க்கவேண்டும். அக்கா கேட்பது அவ்வளவுதான். நதி நீரோ எல்லைக் கோடோ அவள் கேட்கவில்லை.

3

அக்காவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பேசுவது அந்தக் காலத்துக் கால்வாய்க் கரைத் தமிழ். இன்னா, கீது, வந்துக்கினு எல்லாம் அப்படியே இருக்கிறது. அதற்குமேல் நாற்பது வருட உருது ஏறிக்கிடக்கிறது. அங்கே அவளோடு தமிழ் பேச மச்சான் மட்டும்தான். அவரும் பேச்சு குறைந்த மனிதர். அதனால் சில சொற்கள் அவள் வாயில் இடம் மாறிவிட்டன. முக்கியமாக ஒன்று. நேற்றும் நாளையும் அவளுக்கு ஒரே சொல்லாகிவிட்டது.

"நேத்து வரேன்டா தம்பி" என்பாள்.

"நாளைக்குக்கா."

"அதாண்டா, நேத்து."

திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துப்போயிற்று. அம்மா மட்டும் திருத்தவே மாட்டாள்.

4

விசா விண்ணப்பப் பாரங்களைப் பற்றி எழுதினால் இந்தக் குறிப்பு முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அக்கா ஒரு முறை விசாவுக்கு எழுதிப்போட்டபோது, தங்கப்போகும் முகவரி என்று கால்வாய்க் கரை வீட்டைப் போட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த முகவரி அதுதான். அதற்குள் அங்கே வீடுகளை இடித்து எங்களை எல்லாம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரிக்கப் போனவர் வீட்டைத் தேடியிருக்கிறார். அங்கே கம்பி வேலியும் தண்ணீரும் இருந்தன. "அப்படி ஒரு வீடு இல்லை" என்று எழுதிவிட்டார். பொய் இல்லை. இடித்தவர்களும் அரசாங்கம்தான், இல்லை என்று எழுதியவரும் அரசாங்கம்தான். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். என் தம்பி சலீம் அந்த ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கவேண்டும்.

அதன் பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் சென்னைக்கு வரமுடியாது, அம்மா கராச்சிக்குப் போகமுடியாது. இரண்டு பேரும் சார்ஜாவுக்கு வரலாமே. இங்கே இரண்டு நாட்டுக்காரனும் ஒரே பஸ்ஸில்தான் போகிறான்.

எண்பது வயதில் அம்மாவுக்கு முதல் பாஸ்போர்ட் எடுத்தோம். கிண்டிக்கும் பெரும்பாக்கத்துக்குமாக சலீம் எத்தனை முறை அலைந்தான் என்று அவனுக்குத்தான் தெரியும். பழைய அட்டையில் மயிலாப்பூர், புது அட்டையில் எட்டாவது மாடி. இந்த ரெண்டும் ஒரே பொம்பளைதானா என்று கேட்டார்களாம்.

விசா வந்ததும் அம்மா செய்த முதல் காரியம், சலீமை இழுத்துக்கொண்டு ரங்கநாதன் தெருவுக்குப் போனது. அந்தக் கூட்டத்தில் இடிபட்டு மைமூனுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். ஆறாம் நம்பர், சிவப்பு வார். நிக்காஹ் ஆகிப் போனபோது அக்காவின் கால் ஆறாம் நம்பர். இப்போது சர்க்கரை வியாதியில் வீங்கி எட்டாம் நம்பர்கூட இறுக்கிப் பிடிக்கிறது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

5

அம்மா வந்தாள். எங்கள் ஒற்றை அறையில் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நானும் என் மனைவியும் அஃப்ரினும் கீழே படுத்தோம். அக்காவுக்கு அடுத்த வியாழக்கிழமை விமானம். புதன்கிழமை சண்டை ஆரம்பித்தது. வானத்தை மூடிவிட்டார்கள்.

சில நாள் சண்டைதான். அந்தச் சில நாளில் டிவி போட்ட கூச்சலை என்னால் மறக்க முடியாது. மேப்பில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். கராச்சி துறைமுகம் போச்சு என்று ஒருவன் கத்தினான். மறுநாள் அது பொய் என்று ஆனது. பொய் சொன்னவன் முகத்தில் வெட்கம் இல்லை, அதே கோட்டு, அதே டை. அன்று பகல் முழுவதும் அக்கா போனை எடுக்கவில்லை. அம்மாவிடம், "அங்கே கரண்ட் இல்லையாம்" என்றேன். உங்களில் பல பேர் அன்றைக்கு அந்த வட்டத்தை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பினீர்கள், கீழே பட்டாசுப் படம் போட்டு. பெயர் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

எங்கள் கடையில் துணி கொண்டுபோய்க் கொடுக்கிறவன் பாபு, சைதாப்பேட்டைக்காரன். ஒரே ஊர் என்று எனக்கு அவன்மேல் பிரியம்.

"இன்னா பாய், உங்க மச்சான் ஊருல செம அடியாமே?" என்றான்.

எனக்குச் சட்டென்று பேச வராது, சின்ன வயதிலிருந்தே அப்படி.

"கம்முனு கீறே? யார் பக்கம்னு சொல்லு பாய். சும்மா ஜாலிக்குக் கேக்கறேன்."

கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அடியில் வெள்ளைக் கந்தூரா. பெட்டியை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். கருகிய வாசனை வந்த பிறகுதான் அவன், "யோவ், துணி, துணி" என்று கத்தினான். முதுகுப் பக்கம் முழுப் பெட்டியின் அச்சு. இருபத்தாறு வருடத்தில் நான் கருக்கிய ஒரே துணி அது. முதலாளி ஏன் என்று கேட்டார். கை தவறிவிட்டது என்றேன். கை தவறவில்லை.

பாபுவோடு அதன் பிறகு நான் பேசுவதில்லை. மடித்த துணியை மேசையில் வைப்பேன், அவன் எடுத்துப்போவான். அவன் ஒரு முறை டீ வாங்கி வந்து வைத்தான். ஆறிப்போகும்வரை விட்டுவிட்டுக் கொட்டினேன். நான் சமாதானம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளவும் மாட்டேன்.

சண்டை நின்று வானம் திறந்தபோது அக்காவின் விசா நாள் கடந்துவிட்டது. புதிதாகப் போட்டது வரவில்லை. அம்மாவின் ஒரு மாத விசாவும் முடிந்தது. விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அம்மா செருப்புப் பெட்டியை எங்கள் ஷூ அலமாரியில் வைத்தாள். "அவ இங்க வந்தா போட்டுக்கட்டும்" என்றாள். அது போன வருடம். இப்போது அம்மாவால் எட்டு மாடி இறங்கமுடியாது. விமானம் எல்லாம் முடிந்த கதை.

6

இன்னொன்றும் அந்தச் சண்டையோடு போயிற்று. முன்பெல்லாம் அம்மாவும் அக்காவும் நேராகப் போனில் பேசிக்கொள்வார்கள். சண்டைக்குப் பிறகு சலீம் பயந்துவிட்டான்.

"அந்த ஊர் நம்பர் என் போன்ல வரவே கூடாதுண்ணே. எவனாவது வந்து கேட்டா நான் இன்னா சொல்வேன்?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும்போது, முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு நான் மட்டும் வருவேன். என்னிடம் இரண்டு போன். ஒன்றில் கராச்சி, ஒன்றில் பெரும்பாக்கம். இரண்டிலும் ஸ்பீக்கரைப் போட்டு, இஸ்திரி மேசைமேல் எதிரெதிரே தலைமாடாக வைத்துவிடுவேன். அம்மாவின் குரல் இந்தப் போனிலிருந்து வந்து அந்தப் போனுக்குள் போகும். நடுவில் ஒரு சாண் காற்று. பேச்சுவார்த்தை மேசை என்று டிவியில் பூங்கொத்து வைத்துக் காட்டுகிறார்களே, நான் பார்த்த மேசை இதுதான். கரி படிந்த துணி விரித்தது.

7

மூன்று வாரம் முன்பு டிவியில் சொன்ன மறுநாளே அக்கா கூப்பிட்டாள். நான் பயந்தபடியே நடந்தது.

"தம்பி, பாத்தியா? பேசறாங்களாம்டா. பெட்டியை இறக்கிட்டேன். நேத்து வரேன்னு அம்மாகிட்ட சொல்லு."

"நேத்தும் வர மாட்டே, நாளைக்கும் வர மாட்டே" என்றேன். "பெட்டியைத் தூக்கி மேல போடு."

அதோடு நான் நிறுத்தவில்லை.

"உன்னை வெச்சு விளையாடறாங்கக்கா. ரெண்டு பக்கமும் விளையாடறாங்க. உனக்கு அறுபது வயசாச்சு, இன்னும் தெரியலையா?"

"இன்னாடா, நீயும் டிவிக்காரன் மாதிரியே கத்தறே" என்றாள். வைத்துவிட்டாள்.

வாழ்க்கையில் அவளிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. டிவிக்காரன் மாதிரி.

அதற்கு அடுத்த வார வெள்ளிக்கிழமை போன்களை வைத்தேன். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் மட்டும், "அம்மா, நான் நேத்து வரேம்மா" என்றாள். எப்போதும் நான் குறுக்கே விழுந்து, "நாளைக்குன்னு சொல்லுதும்மா" என்பேன். அன்றைக்குக் கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் சலீம் கூப்பிட்டான்.

"இன்னாண்ணே சொன்னீங்க அம்மாகிட்ட? அக்கா நேத்து வந்துட்டுப் போச்சுன்னு மாடி பூரா சொல்லிக்கினு கீது."

"வந்துட்டுப் போச்சா?"

"ஆமாண்ணே. சோறு துன்னுச்சாம். செருப்பைப் போட்டுக்கினு போயிடுச்சாம். அந்தச் செருப்பு எங்க, இங்க இல்லையே, அதான் சாட்சின்னு எங்கிட்டயே கேக்குது. பக்கத்து வூட்டு அம்மா வேற, 'பாகிஸ்தான் பொண்ணா, எப்ப வந்துச்சு, நாங்க பாக்கலையே'ன்றாங்க. எவனாவது போட்டுக் குடுத்தா இன்னாண்ணே பண்றது? வராதவளை எங்கேந்து கொண்டாந்து காட்டறது?"

சிரிப்பதா என்று தெரியவில்லை. அம்மாவின் ஞாபகம் கொஞ்ச நாளாக நழுவுகிறது என்று சலீம் சொல்லியிருந்தான். இவ்வளவு என்று தெரியாது. அந்தச் செருப்பு எங்கள் ஷூ அலமாரியில், பெட்டிக்குள், காகிதம்கூடப் பிரிக்காமல் இருக்கிறது.

8

நேற்று வெள்ளிக்கிழமை. இது நிஜமான நேற்று. இரண்டு போனையும் வைத்தேன். அம்மா எடுத்ததுமே ஆரம்பித்தாள்.

"ஏண்டி மைமூன், அவ்ளோ தூரம் வந்துட்டு ஒரு ராத்திரி தங்கக்கூடாதா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "எங்கம்மா?"

"இங்கதான். நேத்து வந்தியே. சோறு கொஞ்சம்தான் துன்னே. கறி வேவலைன்னு நெனச்சியா?"

என் கை போனுக்குப் போனது. அம்மா, அவள் வரவில்லை, அவள் வந்து பல வருடமாகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் போனிலிருந்து அக்கா மூச்சு விடுவது கேட்டது.

"கறி நல்லா வெந்துச்சும்மா" என்றாள். "வவுறு ரொம்பிடுச்சு."

"செருப்பு கடிக்குதா?"

"இல்லம்மா. சரியா கீது."

கையை எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக. "தம்பி, கீறியா?"

"கீறேன்க்கா."

"இங்க மவன் கம்ப்யூட்டர்ல பாரம் போட்டுக்கினு கீறான். மறுபடியும் விசாவுக்கு. திட்டாதே. ஒண்ணு மட்டும் சொல்லு. கடைசியா இந்தியாவுக்கு எப்ப வந்தேன்னு கேக்கறாங்கடா. தேதி ஞாபகம் இல்லை."

இனி எந்தப் பாரத்துக்கும் உதவமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். அந்தப் பாரம் போய்ச் சேரும் மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு பதில் சொல்லவேண்டும் போல இருந்தது.

"நேத்துன்னு போடுக்கா" என்றேன்.

அவள் சிரித்தாளா அழுதாளா, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தெரியவில்லை. மகன் உருதுவில் ஏதோ கேட்டான். எப்போது என்றுதான் கேட்டிருப்பான்.

"கல்" என்றாள் அக்கா.

"கல்?" என்றான் அவன். "எந்தக் கல், அம்மி?" என்று தாயிடம் உருதுவில் மறுபடியும் கேட்டான்.

மேசையின் இந்தப் பக்கத்துப் போனில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, கல்லா?" என்றாள். "செருப்புக்குள்ள போயிடுச்சா? நின்னு, ஒதறிட்டுப் போட்டுக்கினு போடி."